முதல் மூன்று கிழமைத் தீன்

ஒரு ட்ரவுட் மீன்குஞ்சு தின்னத் தொடங்கும் முதல் மூன்று கிழமைக்கு அதற்கு என்ன கொடுத்தோம் என்பது, ஏழு மாதம் கழித்து அது எப்படி வளரும் என்பதை மாற்றிவிடுகிறது. 2013-இல் பிரான்ஸ் நாட்டின் இன்ரா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இதைச் சோதனை செய்து எழுதினார்கள். கியூர்டன் என்பவர் முதல் ஆசிரியர். சதாசிவம் கௌஷிக், முகுந்த் பாலசுப்ரமணியன் என்ற பெயர்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அந்தக் கட்டுரையை முதன்முதல் வாசித்ததிலிருந்து, கொடுவா வளர்க்கிற எவரைக் கண்டாலும் அதைப் பற்றித்தான் நான் கதைக்கிறேன். கேட்டுக் கேட்டுச் சலித்தவர்களும் உண்டு. எழுதி வைத்துவிட்டால் ஆறுதலாக வாசிப்பார்களே என்றுதான் இந்தப் பதிவு.

ட்ரவுட் நம்முடைய மீன் இல்லை. அது குளிர்நீர் மீன். பன்னிரண்டிலிருந்து பதினெட்டுப் பாகை வரையான தண்ணீர்தான் அதற்குச் சுகம். யாழ்ப்பாணக் கடல்நீரேரி வெயில் காலத்தில் முப்பதைத் தாண்டும். அதில் ட்ரவுட் உயிரோடு இராது. இலங்கையில் ட்ரவுட்டைப் பார்க்க வேண்டுமென்றால் நுவரெலியாப் பக்கம், ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளுக்குப் போக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரர் தூண்டில் போட்டு விளையாடுவதற்காகக் கொண்டுவந்து விட்ட மீன் அது. அப்படியானால் யாழ்ப்பாணத்தில் இருக்கிற எனக்கு ஏன் இந்தக் கவலை? காரணம் சூடை மீன்.

குருநகர்க் கரையில் விடியப் போய் நின்றால் தெரியும். பாரையும் விளையும் வந்த வேகத்தில் ஏலத்தில் போய்விடும். சூடையும் காரலும் கூறு கூறாகக் குவித்துக் கிடக்கும். கையில் அதிகம் காசில்லாத வீட்டுக்கு அந்தக் கூறுதான் அன்றைய கறி. சூடையைப் புளி விட்டுக் குழம்பு வைக்கலாம், பொரிக்கலாம், மிஞ்சினால் கருவாடு போடலாம். காரலில் சொதி வைத்தால் பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் ஊறும் என்று இன்றைக்கும் தேடி வாங்குகிறார்கள். இந்தச் சின்ன மீன்கள்தான் இப்போது மீன் பண்ணைக்குத் தீனாகவும் போகின்றன.

எனக்கு மச்சான் முறையான ஒருவர் களப்பில் வலைக்கூடு கட்டிக் கொடுவா வளர்க்கிறார். தீன் போடும் நேரம் பார்க்க வேண்டும். பலகையில் சூடையை வைத்து, தலையும் குடலும் எதுவும் விலக்காமல், கத்தியால் மூன்று துண்டாகப் போட்டுக்கொண்டே போவார். முதல் கைப்பிடி தண்ணீரில் விழும்போது எல்லாம் அமைதியாக இருக்கும். அடுத்த நொடி அடியிலிருந்து வெள்ளையாக ஒன்று புரண்டு வந்து 'டொப்' என்று வாயைத் திறந்து மூடும். கொடுவா கடித்துத் தின்னாது, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி விழுங்கும். அந்தச் சத்தம்தான் அது. துண்டு அடிக்குத் தாண்டுவிட்டால் பிறகு அதைத் திரும்பியும் பார்க்காது. அப்படித் தாண்டதெல்லாம் கூட்டின் கீழே சேற்றில் அழுகும். ஒரு கிலோ கொடுவா தேறுவதற்கு எத்தனையோ கிலோ சூடை அந்தத் தண்ணீரில் போகிறது. மச்சான் நல்ல உழைப்பாளி, அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கடையில் விற்கும் மிதக்கும் தீன் வெளிநாட்டிலிருந்து வருவது. 2022-இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதுக்கு ஏறியபோது அந்தத் தீன் விலை என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கரையில் கிடைப்பதை வெட்டிப் போட்டார். எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

ஆனால் கடையில் வாங்கும் தீனும் வானத்திலிருந்து வருவதில்லை. அதன் முதுகெலும்பு மீன்மா. உலகத்தின் மீன்மாவில் பெரும் பங்கு பெரு நாட்டுக் கரையில் பிடிபடும் ஒரு நெத்தலி இனத்திலிருந்து வருகிறது. 1972-73 எல் நீனோ வந்தபோது அந்த நெத்தலி இல்லாமல் போய், உலகம் முழுவதும் தீன் விலை துள்ளியது. கடல் கொஞ்சம் சூடானால் எங்கோ ஒரு பண்ணைக்காரனின் கணக்குப் பிழைக்கும். இறைச்சி தின்னும் மீனை வளர்க்கும் எந்தப் பண்ணையிலும் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் தீன்தான். ஆகவே சோயா, கோதுமைப் பசையம், சோளப் பசையம், பட்டாணி, கடுகு இனப் பிண்ணாக்கு என்று தாவரத்தை மீன்தீனுக்குள் கொண்டுவரும் வேலை நாற்பது வருடமாக நடக்கிறது. நோர்வேயின் சாமன் தீனில் 1990-இல் ஏறக்குறைய 90 சதவீதம் கடலிலிருந்து வந்த பொருள். 2013-இல் அது 30 சதவீதமளவுக்கு இறங்கிவிட்டது. மிச்சமெல்லாம் தோட்டத்திலும் வயலிலும் விளைந்தது.

இதைச் செய்வதில் உள்ள சிக்கல் சின்னதல்ல. ட்ரவுட், சாமன், கொடுவா எல்லாம் மற்ற மீனை விழுங்கி வாழ்ந்த வயிறுகள். சோயாவில் புரதம் தாராளம், ஆனால் அதனோடு சேர்ந்து வருவது வேறு பல. ட்ரிப்சின் என்ற செரிமான நொதியைத் தடுக்கும் பொருள் பச்சைச் சோயாவில் இருக்கிறது. அதைச் சூடாக்கினால் பெரும்பாலும் போய்விடும். ஃபைட்டிக் அமிலம் பொஸ்பரசைப் பூட்டி வைத்துக்கொள்ளும், மீனின் குடலில் அதைத் திறக்கும் சாவி இல்லை. சப்போனின் என்ற நுரைப்பொருள் சாமன் இனங்களின் பின்குடலை வீங்கச் செய்யும். மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் சோயாவில் குறைவு. இவையெல்லாவற்றையும் சமன் செய்து, அரைத்து, அவித்து, உருட்டிக் கொடுத்தாலும் கடைசியில் ஒரு கேள்வி மிச்சம்: மீன் அதைத் தின்னுமா? வாயில் எடுத்துத் துப்பிவிட்டால் எல்லாப் பாடும் வீண். தாவரம் கூடக் கூட மீன் தின்பது குறையும், தின்றதும் சதையாக மாறுவது குறையும். அதுவரை பெரும்பாலானோர் தீனையே திருத்திக்கொண்டிருந்தார்கள். மீனைப் பழக்கலாமா என்று கேட்டதுதான் பிரெஞ்சுக்காரர் செய்தது.

அந்தக் கேள்வியின் எடை விளங்க, ட்ரவுட் குஞ்சு முதன்முதல் தின்பதைப் பார்த்திருக்க வேண்டும். நான் நோர்வேயில் பார்த்தேன். எண்பதுகளிலிருந்து யாழ்ப்பாணத்துப் பெடியள் எத்தனையோ பேர் நோர்வேயின் வடக்கே ஃபின்மார்க் வரை போய் மீன் தொழிற்சாலைகளில் வெட்டுக்கத்தியோடு நின்றவர்கள். என் பெரியம்மாவின் மகனும் அப்படிப் போனவர்தான். பிறகு தெற்கே இறங்கி ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் சேர்ந்துவிட்டார். அவரைப் பார்க்கப் போனபோது, "வா, ஒரு சாமான் காட்டுறன்" என்று கூட்டிக்கொண்டு போனார்.

உள்ளே மங்கல் வெளிச்சம். தண்ணீருக்குள் கை வைத்தால் எலும்பு வரை குளிர்ந்தது. தொட்டியின் அடியில் பொரித்த குஞ்சுகள் அப்பிக்கொண்டு கிடந்தன. ட்ரவுட் முட்டை பெரிது, நான்கைந்து மில்லிமீற்றர் இருக்கும், செம்மஞ்சள் முத்துப் போல. பொரித்து வந்த பிறகும் வயிற்றின் கீழே அந்தக் கருவின் பை தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று கிழமைக்கு அதுதான் சாப்பாடு. வாய் இருந்தும் வேலை இல்லை. அடியிலேயே படுத்துக் கிடக்கும். பை சுருங்கிச் சுருங்கி வயிற்றில் ஒரு கோடு மட்டும் மிஞ்சும்போது, ஒன்று இரண்டு என்று மேலே எழும்பத் தொடங்கும். மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கும். அந்தக் காற்றுதான் உள்ளே மிதவைப்பையை நிரப்பும். அதன் பிறகு தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து, நடுத்தண்ணீரில் நின்று நீந்தும். தீன் கொடுக்க வேண்டியது அப்போது.

அண்ணா உள்ளங்கையில் மண்ணிறத் தூள் கொஞ்சம் எடுத்து மேலே தூவினார். நான் ஒரு குஞ்சை மட்டும் கண்ணால் பிடித்துக்கொண்டேன். ஒரு துகள் அதன் முன்னால் வந்தது. அது எட்டிப் பிடித்தது. உடனே துப்பியது. துகள் அரை அங்குலம் போவதற்குள் திரும்பவும் பிடித்தது, திரும்பவும் துப்பியது. மூன்றாம் முறை வாய் மூடியது, செவுள் இரண்டு தரம் அடித்தது, உள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகு அந்தக் குஞ்சு துப்பவே இல்லை. வருகிற துகளுக்கெல்லாம் பாய்ந்தது.

"இந்தக் கொஞ்ச நாள்தான்டா எல்லாம்," என்றார் அண்ணா. "இப்ப தின்னப் பழகாதது பிறகு பழகாது. தலை மட்டும் பெரிசாத் தெரியும், உடம்பு நூல் மாதிரி. நிண்டு நிண்டு செத்துப்போயிடும்."

"அப்ப இதுகளுக்கு என்ன தீன் அண்ணா?"

"மீன்மாதான். விலை கூடின சாமான். இந்த வயசில விளையாட ஏலாது."

ஒரு வகையில் அவர் சொன்னது சரி. உலகம் முழுவதும் குஞ்சு பொரிப்பகங்கள் அப்படித்தான் நடக்கின்றன. குஞ்சு தின்னும் தீன் அளவில் மிகக் கொஞ்சம் என்பதால், அங்கே மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை, நல்லதையே கொடுத்து உயிர் தப்ப வைப்போம் என்ற எண்ணம். தாவரத்தை வளர்ந்த மீனுக்குக் கொடுப்போம், அதற்கு வயிறு பலமாக இருக்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பிரெஞ்சுச் சோதனை இந்த நியாயத்தைத்தான் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தது.

அவர்கள் செய்தது இது. மேலே எழும்பி வந்த குஞ்சுகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மீன்மாவும் மீனெண்ணெயும் சேர்ந்த வழமையான தீன். மற்றப் பாதிக்குத் தாவரத் தீன். மூன்று கிழமை இப்படி. பிறகு எல்லாக் குஞ்சுகளையும் ஒரே மீன்மாத் தீனுக்கு மாற்றி, ஏழு மாதம் வளர்த்தார்கள். இந்த ஏழு மாதம்தான் சோதனையின் உயிர் என்று எனக்குப் படுகிறது. அவ்வளவு காலத்தில் ஒரு குஞ்சு தன் முதல் எடையைப் போலப் பல மடங்கு வளர்ந்துவிடும். முதல் மூன்று கிழமையில் தின்ற தாவரத்தின் ஒரு துளியாவது உடம்பில் சதையாக மிஞ்சியிருக்கும் என்று சொல்ல முடியாது. அதன் பிறகு இரண்டு கூட்டத்துக்கும் 25 நாள் தாவரத் தீன் மட்டும் கொடுத்து, எவ்வளவு தின்றன, எவ்வளவு வளர்ந்தன என்று அளந்தார்கள்.

சின்ன வயதில் தாவரம் தின்றவை, தின்னாதவற்றைவிட 42 சதவீதம் வேகமாக வளர்ந்தன. 30 சதவீதம் கூடத் தின்றன. வெறுமனே கூடத் தின்றதால் வந்த வளர்ச்சி என்றும் தள்ளிவிட முடியாது, தின்ற தீனை உடம்பாக மாற்றுவதிலும் 18 சதவீதம் முன்னால் நின்றன. அதாவது வாயும் பழகியிருக்கிறது, வயிறும் பழகியிருக்கிறது.

இன்னொரு நுணுக்கம் உண்டு. மூன்று ட்ரவுட் குடும்பங்களை எடுத்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்குள்ளும் மீன்கள் மரபால் ஒன்றுக்கொன்று அச்சு அசல். தின்பதிலும் வளர்வதிலும் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபாடு இருந்தது, ஆனால் முதல் தீனின் விளைவு மூன்று குடும்பத்திலும் ஒரே மாதிரித் தெரிந்தது. 42 என்பது மூன்றின் சராசரி. குடும்பங்களுக்கிடையே இருந்த அந்த வேறுபாட்டை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். எந்தத் தாய் தந்தையின் குஞ்சு என்பதும் சேர்ந்துதான் வேலை செய்கிறது. அமெரிக்காவின் ஐடஹோவில் ஹேகர்மன் என்ற இடத்தில், தாவரத் தீனில் நன்றாக வளரும் ட்ரவுட்டைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துப் பெருக்கியிருக்கிறார்கள். அந்த வழியும் இந்த வழியும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

உள்ளே என்ன நடந்திருக்கும்? அதே குழு 2016-இல் அந்த மீன்களின் மூளையையும் ஈரலையும் எடுத்து, எந்த மரபணுக்கள் கூடுதலாகவும் குறைவாகவும் வேலை செய்கின்றன என்று பார்த்தது. மூளையில் புலனுணர்வோடும் கற்றலோடும் தொடர்புள்ளவை மாறியிருந்தன. ஈரலில் சத்தைப் பிரித்துச் சேர்க்கும் வேலையோடும், உடம்புக்கு அந்நியமான பொருட்களைக் கையாளும் வேலையோடும் தொடர்புள்ளவை மாறியிருந்தன. தொட்டியடியில் நான் கண்ட அந்தத் துப்பலும் விழுங்கலும் என் நினைவுக்கு வந்தது இதை வாசித்தபோதுதான். அந்தக் குஞ்சு எது உணவு, எது குப்பை என்று அந்த நேரத்தில் முடிவு செய்துகொண்டிருந்தது. மீனுக்கு நாக்கில் மட்டும் சுவை இல்லை. உதடு, வாய்க்குழி, செவுள் வளைவு என்று எல்லா இடத்திலும் சுவை மொட்டுகள் உண்டு. ஒன்றும் தெரியாமல் வந்த உயிர் முதன்முதலாக ஒரு மணத்தையும் ருசியையும் "இதுதான் சாப்பாடு" என்று குறித்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பு ஏழு மாதம் அழியாமல் இருக்கிறது.

எங்கள் அம்மம்மா பிள்ளைகளுக்குச் சோறு தீத்தத் தொடங்கிய நாளிலிருந்தே முருங்கையிலையை மசித்துத் துளி துளியாகச் சேர்த்துவிடுவா. "இப்ப பழக்காட்டி, பிறகு கீரையைக் கண்டா ஓடும்" என்பா. மனிதப் பிள்ளைகளில் இதைச் சோதித்தும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜூலி மென்னெல்லாவும் கூட இருந்தவர்களும் 2001-இல் எழுதியது அது. வயிற்றில் இருக்கும்போதோ பால் குடிக்கும்போதோ தாய் கரட் சாறு குடித்துவந்த பிள்ளைகள், பிறகு கரட் ருசி கலந்த தானியக் கூழை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டன. மீனும் மனிதனும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. முதல் ருசிக்கு நீண்ட கை உண்டு என்பது உயிர்களுக்குப் பொதுவான ஒரு குணமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ட்ரவுட்டோடு இது நின்றுவிடவில்லை. ஸ்கொட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தார் 2017-இல் அத்திலாந்திக் சாமனிலும் இதே மாதிரிச் சோதனை செய்து, முதல் தீனில் தாவரம் தின்ற குஞ்சுகள் பிறகு தாவரத் தீனை நன்றாகப் பயன்படுத்துவதைக் கண்டார்கள். ஸ்பெயின் ஆய்வாளர்கள் மத்தியதரைக் கடலின் கில்ட்ஹெட் மீனில் ஒரு படி முன்னால் போனார்கள். தாய் மீனுக்கே மீனெண்ணெயைக் குறைத்து ஆளிவிதை எண்ணெய் கொடுத்து, பிறந்த குஞ்சுகள் தாவரத் தீனுக்கு எப்படி ஈடுகொடுக்கின்றன என்று பார்த்தார்கள். அங்கேயும் தடம் தெரிந்தது.

சரி, இதைக் கொடுவாவுக்கு அப்படியே தூக்கி வைக்கலாமா? முடியாது. இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். ட்ரவுட் குஞ்சு தின்னத் தொடங்கும்போதே ஓரளவு வளர்ந்த பிள்ளை. வயிறு வேலை செய்யத் தயாராக இருக்கும், முதல் வாயிலேயே உலர்ந்த தூளைத் தின்னும். கொடுவா அப்படி இல்லை. அதன் முட்டை ஒரு மில்லிமீற்றர்கூட வராது. நம்முடைய சூட்டில் ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். வெளியே வருவது ஒன்றரை மில்லிமீற்றர் நீளக் கண்ணாடி நூல். இரண்டு மூன்று நாளில் கருவூண் தீர்ந்து வாய் திறக்கும், ஆனால் அந்த வாய்க்குள் தூள் போகாது, போனாலும் செரிக்க இரைப்பை இன்னும் உருவாகவில்லை. ரொட்டிஃபர் என்ற மிக நுண்ணிய நீர்ப்பிராணியை உயிரோடுதான் கொடுக்க வேண்டும். பிறகு ஆர்ட்டீமியா, அது உப்புநீரில் வாழும் ஒரு சின்ன இறால் மாதிரி உயிர். மூன்றாம் நான்காம் கிழமை வாக்கில்தான் உலர்தீனுக்கு மாற்றுவார்கள். அந்த மாற்றம் பிழைத்தால் பெரியது சின்னதை விழுங்கத் தொடங்கும். கொடுவாக் குஞ்சு தன் உடன்பிறப்பைத் தின்பதில் பேர்போனது. அதனால்தான் அடிக்கடி சல்லடையில் தரம் பிரிக்கிறார்கள்.

ஆகவே கொடுவாவில் 'முதல் வாய்' என்று ஒன்றல்ல, இரண்டு இருக்கின்றன. ரொட்டிஃபர் தின்னும் முதல் வாய் ஒன்று. உலர்தீனைக் கண்டு துப்பி, திரும்பப் பிடித்து, விழுங்கப் பழகும் இரண்டாவது வாய் ஒன்று. தாவரத்தை அறிமுகப்படுத்த நமக்குக் கைக்கெட்டும் இடம் அந்த இரண்டாவது வாய்தான் என்பது என் எண்ணம். ரொட்டிஃபருக்கும் ஆர்ட்டீமியாவுக்கும் நாம் ஊட்டும் எண்ணெயை மாற்றினால் முதல் வாயிலேயே கொஞ்சம் சொல்லிவைக்கலாம். ஐரோப்பாவின் சீபாஸ் என்ற கடல்மீனில் பிரெஞ்சுக்காரர் இந்த மாதிரி எண்ணெய்ப் பழக்கத்தைக் குஞ்சுப் பருவத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் கடல்மீன் குஞ்சுக்கு மீனெண்ணெயின் ஒமேகா-3 கண்ணுக்கும் மூளைக்கும் கட்டாயம் வேண்டும். தாவர எண்ணெயிலிருந்து அதைத் தானே செய்துகொள்ளும் திறன் ட்ரவுட்டுக்குக் கொஞ்சம் உண்டு, கடல்மீனுக்கு மிகக் குறைவு. அந்தப் பருவத்தில் எண்ணெயில் கை வைக்க எனக்குத் துணிவு வராது. புரதத்தில் தொடங்கலாம்.

புரதத்துக்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தால் எனக்கு முதலில் வருவது எள்ளுப் பிண்ணாக்கு. செக்கடியில் மாட்டுக்கு வாங்கிப் போகிறோமே, அதே சாமான்தான். சோயாவில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் எள்ளில் நிறைய உண்டு. எள்ளில் குறைவான லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் சோயாவில் உண்டு. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் பள்ளத்தை மற்றது நிரப்பும். எள்ளிலும் ஃபைட்டிக் அமிலம் இருக்கிறது, அதைக் குறைக்க நொதிக்க வைக்கும் வழி உண்டு. தோசைமாவைப் புளிக்க வைக்கத் தெரிந்த ஊருக்கு நொதித்தல் புதிது இல்லை. தேங்காய்ப் பிண்ணாக்கு நார் கூடியது, கொடுவாவுக்கு அதை அதிகம் சேர்க்க முடியாது. தவிடும் அப்படித்தான். கொடுவாத் தீனில் நாற்பது நாற்பத்தைந்து சதவீதம் புரதம் வேண்டும் என்பதால் சும்மா நிரப்பும் பொருளுக்கு அங்கே இடம் குறைவு. முழுத் தாவரத் தீனுக்கு நான் ஆசைப்படவும் இல்லை. தீனில் மீனின் பங்கு பாதியாகக் குறைந்தாலே எத்தனை கூறு சூடை கரையில் மிஞ்சும்!

தொழில்நுட்பத்தைவிட எனக்குப் பெரிய தடையாகத் தெரிவது வேறு. குஞ்சை வளர்ப்பவர் ஒருவர், மீனை வளர்ப்பவர் வேறொருவர். நோர்வேயில் பல இடங்களில் ஒரே கம்பனிதான் முட்டையிலிருந்து மேசை வரை வைத்திருக்கிறது. குஞ்சுக்குச் செய்த செலவின் பலன் இரண்டு வருடம் கழித்து அதே கம்பனியின் பைக்குத்தான் வரும். நம்முடைய நிலைமை அப்படி இல்லை. மச்சான் மாதிரி ஆட்கள் விரல் நீளக் குஞ்சை வேறிடத்திலிருந்து வாங்குகிறார்கள். ஒட்சிசன் அடைத்த பொலித்தீன் பையில், லொறியில், இரவோடு இரவாக வந்து இறங்கும். பையில் எத்தனை குஞ்சு, எத்தனை அங்குலம், விலை எவ்வளவு என்று கேட்பார்கள். செத்தது எத்தனை என்று எண்ணுவார்கள். அது இதுவரை என்ன தின்று வளர்ந்தது என்று கேட்டவரை நான் கண்டதில்லை. பொரிப்பகத்துக்காரருக்கோ, குஞ்சு தன் கையில் இருக்கும் வரை சாகாமல் கெதியாக வளர வேண்டும், அவ்வளவுதான் வியாபாரம். தாவரத்தைப் பழக்கினால் பலன் வேறொருவருக்குப் போகிறது, ஆபத்து மட்டும் அவருக்கு. எந்த மனிதர் அதைச் செய்வார்?

மச்சானிடமும் இதைக் கேட்டேன். தீன் கலந்த கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "சின்னனில பிண்ணாக்குத் திண்ட குஞ்செண்டு ஒருத்தன் வித்தா, நான் பத்து ரூபா கூடக் குடுத்தும் வாங்குவன். ஆனா அவன் சொல்லுறது உண்மையெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

நியாயமான கேள்வி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கடலட்டைக்கு வடக்கில் இவ்வளவு பண்ணை வந்த பிறகு, களப்பில் வளர்ப்பது என்பது நம் ஆட்களுக்குப் புதிதும் இல்லை. பால் மீனும் ஓராவும் பாசி தின்னும் மீன்கள், அவற்றை வளர்ப்பதுதான் சரி, கொடுவாவே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஓராக் கறிக்கு ஈடில்லை என்பதும் தெரியும். ஆனால் ஹோட்டலும் ஏற்றுமதியும் கேட்பது கொடுவாவைத்தான், ஆட்கள் அதை வளர்க்கத்தான் போகிறார்கள். வளர்க்கப்போகிற மீனுக்கு வழி தேடுவதுதான் என் கவலை.

நடக்க வேண்டிய சோதனை ஒன்றும் பெரிய காசு கேட்பதல்ல. ஒரே தாய் மீன்களின் குஞ்சுகளை, ஆர்ட்டீமியாவிலிருந்து உலர்தீனுக்கு மாற்றும் நாளில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதிக்கு மீன்மாத் தூள், மறு பாதிக்கு நொதித்த எள்ளும் சோயாவும் பாதிக்குப் பாதி கலந்த தூள். மூன்று கிழமை மட்டும். அந்த நாட்களில் எத்தனை செத்தன, எத்தனை ஒன்றையொன்று தின்றன என்று இரண்டு பக்கமும் எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் பொரிப்பகத்துக்காரர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். பிறகு இரண்டையும் வழமையான தீனில் வளர்த்து, கைநீளம் வந்த பிறகு களப்பில் பக்கத்துப் பக்கத்துக் கூட்டில் விட்டு, இரண்டுக்கும் ஒரே தாவரத் தீன் போட வேண்டும். எவ்வளவு தின்றன, எவ்வளவு நிறை கூடின என்று கிழமைக்கு ஒரு தரம் தராசில் போட்டுப் பார்த்தால் போதும். கூடு தரத் தயார் என்று மச்சான் சொல்லியிருக்கிறார், தீன் கலக்க நான் இருக்கிறேன். குஞ்சு பொரிப்பகம் வைத்திருக்கும் எவராவது இதை வாசித்தால், அடுத்த தொகுதியில் ஒரு தொட்டியை இதற்கென்று ஒதுக்கிவிட்டுப் பின்னூட்டத்தில் ஒரு வரி எழுதுங்கள்.